நூற்றறுபது ஏக்கர் மருமகன்

பாதி தெரிந்த விஷயத்தைப் பேசும்போதுதான் எனக்குக் குரல் கணீரென்று வரும். முழுதாகத் தெரிந்தவற்றைப் பற்றி நான் பேசுவதே இல்லை. (அப்படி அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.)

கல்யாணமான புதிதில், டோர்செட் பார்க்கில் மாமா வீட்டு மதியச் சாப்பாட்டில் தொடங்கியது இது. மாமா, என் மனைவி சுபாவின் அப்பா. ஊரில் வெங்காயம் செய்தவர். போர்க்காலத்தில் தோட்டக்காணி இராணுவ வேலிக்குள் போய்விட்டது. புலம்பெயர்ந்து இங்கே வந்தபின் பிறம்ரன் நகரக் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றிருந்தார். அதிகம் பேசாதவர். அவரை எப்படியாவது அசத்திவிட வேண்டுமென்று எனக்கு ஒரே தவிப்பு. முதல்நாள் பஸ்ஸில் பாதி பார்த்த வீடியோ கைகொடுத்தது.

"மாமா, அமெரிக்காவின்ர மேற்குப் பக்கம் கிட்டத்தட்ட அரைவாசிக் காணி அரசாங்கத்தின்ரதான். சும்மா கிடக்குது. போய் அஞ்சு வருசம் இருந்து பயிர் செய்தா நூற்றறுபது ஏக்கர் எங்கட பேருக்கு எழுதிக் குடுப்பினம். சட்டமே இருக்கு."

மாமா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "தண்ணி வசதி எப்பிடி?"

"ஆறு ஓடுது மாமா." (வீடியோவில் ஒரு ஆறு வந்தது உண்மை.)

அடுத்த கிழமை தொலைபேசியில் வந்தார். "தம்பி, எப்ப வெளிக்கிடுறம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "லீவுக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றேன். அமெரிக்க மேற்கிலுள்ள வயோமிங் வரை கூட்டிப்போனால், காய்ந்த நிலத்தைப் பார்த்து அவரே மனம் மாறுவார் என்று நம்பினேன்.

"அப்பா நம்பிட்டார். உது உண்மையோ?" என்று சுபா கேட்டாள். "ஓம்" என்றேன். அதுவும் கணீரென்றுதான் வந்தது.

அமெரிக்காவுக்குள் நுழையும் டெட்ரோயிற் எல்லையில் அதிகாரி என்னிடம் பயண நோக்கம் கேட்டார். சுற்றுலா என்றேன். மாமாவிடம் எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஃபைவ் இயர்ஸ், சேர். கல்டிவேஷன்."

காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். எனக்குத் தெரியாமல் மாமா டிக்கியில் ஏற்றியவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன: மண்வெட்டி, அளவு நாடா, கயிறு, நான்கு கட்டைகள், சாக்கில் சுற்றிய முருங்கைத் தடிகள், ஒரு போத்தல் பயற்றங்காய் விதை. மண்வெட்டியையும் கயிற்றையும் பார்த்த இளம் அதிகாரி, யாரைப் புதைக்கப் போகிறாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வீடியோவின் மறுபாதியை நரைத்த தலையுடன் ஒரு மூத்த அதிகாரி உள்ளே வைத்துச் சொல்லித்தந்தார். நான்தான் மொழிபெயர்ப்பாளர். (சொந்த அவமானத்தை வரி வரியாக மொழிபெயர்த்திருக்கிறேன்.) மொண்டானாவில் அவருடைய பூட்டனுக்கு அந்தச் சட்டத்தில்தான் காணி கிடைத்ததாம். குடியேறியவர்களுக்கும் ரயில் கம்பனிகளுக்கும் அரசு அள்ளிக் கொடுத்தது. காடு, மலை என்று சிலதை ஒதுக்கி வைத்தது. வறண்ட நிலத்தை யாரும் கேட்கவில்லை. கடைசியில், மிச்சத்தைப் பொதுவாகவே வைத்திருப்போம் என்று அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். நான் பிறக்கும் முன்பே.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தம்பி, உவரிட்டக் கேளுங்கோ, பூட்டனுக்கு முதல் அந்தக் காணி ஆருடையது?"

அதிகாரி பேனாவை மூடினார். பூர்வகுடிகளிடமிருந்து எடுத்ததுதான் என்றார்.

"ம். எங்கடயும் அப்பிடித்தான் போனது." மாமா கதிரையை முன்னே இழுத்துக்கொண்டார். "இப்ப மிஞ்சிக் கிடக்கிற காணிக்குள்ள என்னைப்போல ஆக்கள் கால் வைக்கலாமோ? ஆமி மாதிரித் துவக்கோட வந்து எழுப்ப மாட்டினமோ?"

அதை மொழிபெயர்த்தபோது என் குரல் கணீரென்று வரவில்லை. யாரும் எழுப்ப மாட்டார்கள், பெரும்பாலான இடங்களில் கூடாரம் போட்டுப் பதினான்கு நாள்கூடத் தங்கலாம் என்றார் அதிகாரி. ஆனால் அன்றைக்கு எங்களைத் திருப்பி அனுப்பினார். தடியையும் விதையையும் கொண்டுவரக் கூடாதென்று பறித்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பும் நான்கு மணி நேரத்தில் மாமா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "ஆறு ஓடுது எண்டு சொன்னனீங்கள்."

மறு வருடம் பேசும் பொறுப்பைச் சுபா எடுத்துக்கொண்டாள்; எல்லையைச் சிக்கலில்லாமல் தாண்டினோம். வயோமிங்கில், பொதுக்காணி என்று பலகை நட்டிருந்த வெட்டவெளியில் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். வெகுதூரம் போனார். யாரும் மறிக்கவில்லை. திரும்பி வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தார்.

"வெங்காயம் வராது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் பலகையோடு அவர் நிற்கும் படம் இன்றும் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் "ஆருடைய காணி அண்ணை?" என்று கேட்டால், மாமா என்னைக் காட்டிச் சொல்வார்:

"உது மருமகன் எனக்குத் தந்த சீதனம்."