1896-க்குப் பிணங்கள் தேவை

மனிதகுலம் இதுவரை வாழ்ந்து முடித்த ஆண்டுகளிலேயே தலைசிறந்தது 1896 என்னும் பேருண்மை, ஷார்ஜா ரோலாவில் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதுவரை உலகம் இதை அறியாமலே காலம் தள்ளிவந்தது வெட்கக்கேடுதான்.

தீர்மானித்தது 'அமீரக அகில உலகத் தமிழ் எழுச்சிப் பேரவை'. இதில் 'அமீரகம்' என்பது ரோலா. 'அகில உலகம்' என்பது ஓமானில் சோஹாரில் இருக்கும் தலைவரின் மச்சான். பேரவையின் பொதுச்செயலாளர் ராஜிக், பகலில் ஒரு கார்கோ ஆபீஸில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். மாலையில் வரலாற்றுக்கு ஒட்டுவார். இரண்டையும் ஒரே பக்தியோடு செய்தார்.

ஆண்டைத் தேர்ந்தெடுத்தது தலைவர் கலீலுர் ரஹ்மானின் கார். கீழக்கரையிலிருந்து தாம் வளைகுடாவில் வந்து இறங்கிய 1986-ஐ நம்பர் பிளேட்டாக வாங்க ஆசைப்பட்டார் தலைவர். நடுவில் நின்ற ஏஜெண்ட் இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டான். வந்தது 1896. பள்ளிவாசல் பார்க்கிங்கில் ஒருவர், அண்ணனை அழைக்கும் ஊர் வழக்கப்படி, "காக்கா, இது என்ன வருஷம்?" என்று கேட்டார். தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடியவர்கள் தலைவர் பதவிக்கு வருவதில்லை.

"அது சாதாரண வருஷம் இல்லை தம்பி," என்றார் கலீலுர் ரஹ்மான்.

எந்த வகையில் சாதாரணமில்லை என்று கண்டுபிடிப்பது பொதுச்செயலாளரின் பொறுப்பாயிற்று. ராஜிக் டூட்டி நேரத்திலேயே தேடினார். தேடத் தேட அவருக்கு மெய்சிலிர்த்தது. ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயம் மறுபிறவி எடுத்தது அந்த ஆண்டில்தான். எத்தியோப்பியா இத்தாலியை அடித்து விரட்டியது அந்த ஆண்டில்தான். மனிதனின் எலும்பை உயிரோடு படம் பிடிக்கலாம் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் பரபரத்ததும் அப்போதுதான். பம்பாய்க்கு அதே ஆண்டில் சினிமாவும் வந்தது, பிளேக்கும் வந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பிற்பாடு மருந்து கண்டுபிடித்தார்கள். இவற்றுக்கெல்லாம் மகுடமாக, ஜான்சிபாரில் சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் ஒரு போர் மூண்டு, முப்பத்தெட்டே நிமிடத்தில் முடிந்தது.

இத்தனையையும் மேடையேற்ற முடியாது. எதை விடுவது, எதை எடுப்பது என்று செயற்குழு கூடியது. நிர்வாகிகளின் தொப்பையைக் கருதி ஒலிம்பிக் தள்ளுபடியானது. எக்ஸ்ரேயை மேடையில் காட்டலாம் என்று ராஜிக் சொன்னபோது பொருளாளர் எழுந்தே விட்டார். உள்ளே இருப்பது வெளியே தெரிவது எந்தச் சங்கத்துக்கும் நல்லதல்ல என்பது அவர் வாதம். எஞ்சியது போர்.

"முப்பத்தெட்டு நிமிஷம்தானே, ஒரே மூச்சில நடத்திரலாம்," என்றார் தலைவர்.

"நம்ம வரவேற்புரையே அதைவிட நீளம் மாமா," என்றாள் நஜீஹா. தலைவரின் மருமகள், ஓர் இந்தியப் பள்ளியில் தமிழாசிரியை. நாடகத்தை எழுதி இயக்கும் பொறுப்பு அவளுடையது. "சுல்தான் வேஷம் நீங்கதான். ஆனா கடைசியில சுல்தான் அரண்மனையை விட்டு ஓடிர்றார்."

"தமிழன் மேடையில ராஜா ஓடமாட்டான்."

"ஓடலைன்னா செத்துருவார் மாமா."

தலைவர் யோசித்தார். "அப்ப ஓடட்டும். ஆனா கம்பீரமா ஓடணும்."

அடுத்த சிக்கல் பிணங்கள். சுல்தான் பக்கத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் விழுந்தார்கள் என்கிறது வரலாறு. மேடைக்கு முப்பது பேராவது வேண்டும் என்றாள் நஜீஹா. மேடையில் படுப்பது நிர்வாகிகளின் அந்தஸ்துக்குப் பொருந்தாது என்பதால், 'கலை ஆர்வம் மிக்க உழைக்கும் தோழர்களை' அழைப்பது என்று முடிவாகி, ராஜிக் ஒரு லேபர் கேம்புக்கு அனுப்பப்பட்டார். பிரியாணி உண்டு, ஹால் முழுக்க ஏசி என்றதும், அந்த ஆகஸ்ட் வெயிலில் கலை ஆர்வம் கரைபுரண்டது.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் நின்றார். பன்னீர்செல்வம், அரியலூர்ப் பக்கம், கம்பி கட்டும் வேலை.

"பாய், விழாவுக்கு சீஃப் கெஸ்ட் யாரு?"

"விஜயபாஸ்கர் சார். பெரிய கம்பெனியில ஹெச்.ஆர். மேனேஜர்."

"எங்க கம்பெனிதான் பாய்." பன்னீர்செல்வம் கிட்டே வந்தார். "எம்பொண்ணு சந்தியாவுக்கு அடுத்த வாரம் வியாழக்கெழமை கல்யாணம். நாலு மாசமா லீவு கேக்குறேன். பில்டிங்கு ஹேண்ட் ஓவர் ஆவுற வரைக்கும் லீவு மாஃபி, கெடயாதுங்கிறாங்க. பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல கெடக்கு. அப்பன் இல்லாம தாரை வார்க்க முடியாதுன்னு எம்பொண்டாட்டி சரசு போன்ல அழுவுறா. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ராஜிக் சொல்வதாகச் சொன்னார். அன்றே தலைவரிடம் சொன்னார்.

"கலையில கோரிக்கையைக் கலக்கக் கூடாது தம்பி," என்றார் தலைவர். "சீஃப் கெஸ்ட் மனசு நோகக்கூடாது. விழா முடியட்டும்."

"விழா வெள்ளிக்கிழமை காக்கா. கல்யாணம் அடுத்த வியாழன்."

"பிறகென்ன? வெள்ளிக்குப் பிறகுதானே வியாழன் வருது."

இந்தக் காலக்கணக்கில் பிழை எதுவும் இல்லை. இருந்தும் ராஜிக்கின் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. பேனரில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தார். இல்லை. உறுத்தல் மட்டும் இருந்தது.

விழா, எதிர்பார்த்தபடியே, போரைவிட உக்கிரமாக நடந்தது. வரவேற்புரை ஆற்றப்பட்டது. வரவேற்புரை ஆற்றியவருக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டு, பின்புறமாக உருவப்பட்டு, அடுத்தவருக்குப் போர்த்தப்பட்டன. விஜயபாஸ்கருக்கு '1896-இன் மனிதவள மாமணி' என்ற விருது வழங்கப்பட்டது. அந்த ஆண்டில் தாம் ஆற்றிய பணிக்குக் கிடைத்த அங்கீகாரம் இது என்று அவர் ஏற்புரையில் நெகிழ்ந்தார். பன்னீர்செல்வம் திரைக்குப் பின்னாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போர் மூண்டது. தெர்மாகோல் கப்பல்களுக்குப் பின்னாலிருந்து பொருளாளர் தலைமையில் ஆங்கிலேயர்கள் சுட்டார்கள்; குண்டுச் சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது. கேம்ப் ஆட்கள் விழுந்தார்கள். அப்படியொரு சாவை நாடக மேடை கண்டதில்லை. வாரம் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு குளிர்ந்த தரையைத் தொட்டதும், சிலர் நிஜமாகவே நினைவிழந்தார்கள். மூன்றாவது வரிசைப் பிணம் ஒன்று குறட்டை விட்டது. பன்னீர்செல்வத்துக்கு மட்டும் வசனம் இருந்தது: "ஐயோ." அதற்காக நஜீஹா அவர் சட்டையில் ஒரு மைக் குத்தியிருந்தாள். சுல்தான் கம்பீரமாக ஓடினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

பிணங்கள் எழுந்து வணக்கம் சொல்லவேண்டிய கட்டம். எழுந்தார்கள், எழாதவர்கள் உலுக்கி எழுப்பப்பட்டார்கள். பன்னீர்செல்வம் எழவில்லை. நடிப்பு என்று சபை ரசித்தது. ராஜிக் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டார். பன்னீர்செல்வம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பன்னீர், எழுந்திருங்க. நாடகம் முடிஞ்சுது."

"தெரியும் பாய். நான் எந்திரிக்கல."

சட்டை மைக் இயக்கத்தில் இருந்ததால், ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் இது கேட்டது.

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. எந்திரிச்சா நாளைக்கி டூட்டி. இப்பிடியே கெடந்தா ஊருக்கு அனுப்பிருவீங்க."

ராஜிக் புரியாமல் விழித்தார். பன்னீர்செல்வம் கோபமில்லாமல், கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"போன மாசம் எங்க ரூம்ல ஒருத்தரு மாரடச்சிப் போயிட்டாரு. அவருக்கும் லீவு இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. போன மறுநாளே கம்பெனி பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுத்துருச்சி. டிக்கெட்டும் அவங்களே. ஓங்க சங்கம் மாலை போட்டு, போட்டோ புடிச்சி, ஏர்போர்ட்டு வரைக்கும் வந்துச்சி. அந்த வாரமே அவரு வீட்டு வாசல்ல இருந்தாரு. நான் உசுரோட இருந்துக்கிட்டுக் கேட்டதுதான் பாய் தப்பாப்போச்சி."

நிலைமையைச் சமாளிக்க, கிரீடத்தோடு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"தோழர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. உடல்களை ஊருக்கு அனுப்புறதுல அமீரகத்துலயே நம்ம பேரவைதான் முதலிடம்."

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது, எழுந்து நின்ற பிணங்களில் ஒன்று திரும்பவும் படுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று படுத்தது. கொஞ்ச நேரத்தில் ஜான்சிபார் மறுபடி வீழ்ந்துவிட்டது.

"தேசிய கீதத்தைப் போடுங்க," என்று தலைவர் ராஜிக்கின் காதில் சொன்னார். "எல்லாரும் எந்திரிச்சுத்தான் ஆகணும்."

"செத்தவங்களுக்கு விலக்கு உண்டு மாமா," என்ற நஜீஹா, நேராக முன்வரிசைக்குப் போனாள். "சார், நாடகம் இன்னும் முடியலை. நீங்க மேடைக்கு வந்தாத்தான் முடியும்."

எல்லாக் கைகளிலும் போன்கள் உயர்ந்திருந்தன. மனிதவள மாமணி, ஷீல்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல், அதோடே மேடையேறினார்.

"என்னப்பா இது? நேரா என்கிட்ட வந்திருக்கலாமே."

"வந்தேன் சார். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் வாசல் கேட்டுலயே நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னாங்க."

யாரோ சிரித்தார்கள். விஜயபாஸ்கர் போன்களைப் பார்த்தார். "சரி. ஊருக்குப் போயிட்டு வா."

"பாஸ்போர்ட்டு கைக்கு வந்தா எந்திரிக்கிறேன் சார்."

ஆபீஸ் டிரைவருக்கு அங்கிருந்தே போன் போனது. பாஸ்போர்ட் வந்து சேரும்வரை சபை காத்திருந்தது. பிரியாணி மேடைக்கே கொண்டுவரப்பட்டது. பிணங்கள் ஒருக்களித்துச் சாப்பிட்டன. ராஜிக் தம் பங்கை எடுத்துப் போய் பன்னீர்செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜிக்கின் அந்த உறுத்தல் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பன்னீர்செல்வம் எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சபைக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த வியாழக்கிழமை மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். சரசு பக்கத்தில் நிற்க, வியர்த்த முகத்தோடு அவர் சிரிக்கும் படம் ராஜிக்கின் போனுக்கு வந்தது. தலைவர் அதை விழா மலரில் 'பேரவையின் சாதனைகள்' பக்கத்தில் அச்சிட உத்தரவிட்டார்.

வளைகுடாத் தமிழரிடம் கலை ஆர்வம் குன்றிவிட்டது என்று புலம்புகிறவர்கள் ராஜிக்கின் போனை ஒருநாள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சோஹாரிலிருந்து ஒரு வெல்டர் அழைக்கிறார். குவைத்தின் அப்பாசியாவிலிருந்து ஒரு வீட்டு டிரைவர் அழைக்கிறார். "பாய், அடுத்த நாடகம் எப்ப? எனக்கும் ஒரு பொணம் வேஷம் குடுங்க," என்கிறார்கள். வசனம் வேண்டாமாம், பிரியாணியும் வேண்டாமாம். இந்த ஈடுபாட்டை மனமாரப் பாராட்டிப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. உயிரோடு ஊர்போய்ச் சேர வேறு வழி ஏதும் உண்டா என்பது குறித்து, இதுவரை பேரவையின் கவனத்துக்கு எதுவும் கொண்டுவரப்படவில்லை.