இருபது கட்டங்களும் ஒரு கணுக்காலும்

மருத்துவ உலகின் மாபெரும் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விஷயம் தெரியாதவர்கள் தடுப்பூசி என்றும் எக்ஸ்ரே என்றும் உளறக்கூடும். விஷயம் தெரிந்தவர்கள் மறுபேச்சில்லாமல் சொல்வார்கள்: இருபது கட்டங்கள் போட்ட ஒரு தாள். தடுப்பூசி நோயாளியைக் காப்பாற்றும். தாளோ தேர்வு எழுதுகிறவரைக் காப்பாற்றும். இதில் எது பெரிய சேவை என்பதைக் கதை முடிந்ததும் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் தாளின் மகிமை தெரியாமலேயே ஏழாம் வார்டு சிஸ்டர் பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். பாவம், அவருக்கு நேரமில்லை. ஏழாம் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில், நாற்பத்தொரு நோயாளி, ஒரே ஒரு சிஸ்டர். நடக்கிற நடையிலேயே ஒருவர் நெற்றியில் புறங்கையை வைப்பார், இன்னொருவர் கால் வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். வாசலில் நின்றபடியே, "பதினாலாம் கட்டிலைக் கொஞ்சம் பாருங்க டாக்டர், முகம் சரியில்லை" என்பார். டாக்டர் போய்ப் பார்ப்பார். சரியில்லாமல்தான் இருக்கும். இப்படி எந்த ஒழுங்குமுறையும் இல்லாமல் அவர் பாட்டுக்கு நோயாளிகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாடு போகும் ஆசை அவருக்கு வந்தது ஒரு போன் பேச்சில். முன்பே போய்விட்ட தோழி ஒருத்தி, "இங்க ஒரு நர்ஸுக்கு அஞ்சே அஞ்சு பேஷன்ட்டுதான்டி" என்று சொல்லிவிட்டாள். அன்று முழுக்க சிஸ்டருக்கு வேறு நினைப்பே இல்லை. அஞ்சு பேர் என்றால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்காரலாம். "அப்புறம் என்னாச்சு தெரியுமா சிஸ்டர்?" என்று ஒரு நோயாளி ஆரம்பித்தால், என்ன ஆச்சு என்பதைக் கடைசிவரை கேட்கலாம். பன்னிரண்டு வருடத்தில் அவர் எந்த நோயாளியின் கதையையும் முழுதாகக் கேட்டதில்லை.

எழுத்துத் தேர்வில் தேறினார். மொழித் தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறினார். அந்தச் சான்றிதழின் ஆயுள் இன்னும் ஆறே மாதம். அதற்குள் செயல்முறைத் தேர்வையும் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அந்தத் தேர்வுக்குப் பெயரை அனுப்புவது பயிற்சி மையம். மையம் தானே வைக்கும் மாதிரித் தேர்வில் தேறினால்தான் பெயரை அனுப்பும்.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை குடல்வால் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அப்போதும் மயக்கத்தில் இருந்தார். முன்பு அதே அறையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர், காலத்தின் தேவையை உணர்ந்து வாசல் பலகையை மாற்றினார். பாடத்தை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"டிரைவிங் டெஸ்ட்ல வண்டி ஊர் போய்ச் சேருதான்னா பாக்கறாங்க?" என்று முதல் நாளே கேட்டார். "இண்டிகேட்டர் போட்டியா, கண்ணாடியப் பாத்தியா, அவ்வளவுதான். இங்கயும் அதேதான் மேடம். உள்ள வந்ததும் சிரிக்கணும். கை கழுவணும். உங்க பேரைச் சொல்லணும். அவங்க பேரைக் கேக்கணும். தொடறதுக்கு அனுமதி வாங்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம், ஒரு மார்க். முதல் கட்டத்தை விட்டீங்கன்னா அப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் செல்லாது."

"பேஷன்ட்டு ரொம்ப மோசமா இருந்தா சார்?"

"அவ்வளவு மோசமா இருக்கறவங்களைத் தேர்வுக்கு வைக்க மாட்டாங்க மேடம்."

 இவ்வளவு சுலபமான வழி ஏழாம் வார்டு நிர்வாகத்துக்கு ஏன் தோன்றவில்லை என்று சிஸ்டர் வியந்தார்.

செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. செய்துவிட்டுச் சொல்லாமல் விட்டால் செய்யாத கணக்கு. செய்யாமல் சொன்னால் பாதகமில்லை. அறையில் குழாய் கிடையாது; ஆகவே கை கழுவுதல் காற்றில் நடந்தது. ஏழு பெண்கள் வரிசையாக நின்று விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வெறுங்காற்றைத் தேய்த்துக் கழுவினார்கள். டயர் கடைக்கு மேலே அவ்வளவு சுத்தமான காற்று வேறெந்தத் தெருவிலும் கிடைத்திருக்காது.

முதல் வாரம் சிஸ்டர் எடுத்தது மூன்று மார்க். நோயாளியைப் பார்த்துச் சிரித்ததுமே நாடியைப் பிடித்துவிட்டார்.

"உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி மேடம். அதை எடுக்கறதுதான் பெரும்பாடு" என்று மாஸ்டர் கவலைப்பட்டார். "ஒண்ணும் தெரியாம வர்றவங்களுக்கு நல்லா வந்துடுது."

சிஸ்டர் விடாமல் முயன்றார். காலையில் கணவரை எழுப்பும்போது கட்டிலருகே நின்று சிரித்து, காற்றில் கை கழுவி, தன் பெயரைச் சொல்லி, "உங்க தோளைத் தொட அனுமதி உண்டா?" என்று கேட்டார். கணவர் கண்ணைத் திறக்காமலேயே, "அனுமதி இல்லை. இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று திரும்பிப் படுத்தார். வார்டிலும் ஒருநாள் முயன்று பார்த்தார். ஒன்பதாம் கட்டிலில் தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தபோது முதல் கட்டிலில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறிவிட்டது. அத்தோடு வார்டில் அந்த நவீன முறை கைவிடப்பட்டது.

மையத்தின் நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அது ஒரு பொம்மை. துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நின்று ஓய்வு பெற்றது. ஒரு கை இல்லை, முழங்கால் மடங்காது, வாயில் மட்டும் மாறாத சிரிப்பு. ஒருநாள் சிஸ்டர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய மாமியார் படியேறி வந்தார். "அம்மா, ஒரு பத்து நிமிஷம் அந்த பெஞ்சுல படுங்களேன்" என்றார் மாஸ்டர். படுத்தவர் நாலு மாதம் எழுந்திருக்கவில்லை.

மாமியார் தபால் ஆபீஸில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். படிவத்தில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், குறைத்தும் பேசமாட்டார். மாஸ்டர் கொடுக்கும் அட்டையில் 'தலைச்சுற்றல், இரண்டு நாளாக' என்று இருந்தால் அவருக்கு இரண்டு நாளாகத்தான் தலை சுற்றும். மூன்றாம் நாள் கேட்டாலும் இரண்டு நாள்தான். பொம்மை ஸ்டோர் ரூமுக்குப் போனது. அத்தை மையத்தின் 'நிரந்தர நோயாளி' ஆனார்.

"நீ வெளிநாடு போய்ட்டு வா. குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று மருமகளிடம் தினமும் சொல்வார். அவருக்கும் அந்தத் தேர்வில் அவ்வளவு அக்கறை.

மாதிரித் தேர்வு நாள் வந்தது. ஆறு பெண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காற்றில் கை கழுவிப் பழகிக்கொண்டிருந்தார்கள். முதலில் கூப்பிட்டது ஏழாம் வார்டு சிஸ்டரை. மாஸ்டர் தாளும் பேனாவுமாக மூலையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் அத்தை. அன்றைய அட்டை: 'இடது கணுக்கால் சுளுக்கு.'

சிஸ்டர் கதவைத் திறந்தார். சிரிக்க வேண்டும் என்பது ஞாபகத்தில் இருந்தது. சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்த அத்தையின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது. வலது கை தாடையைப் பிடித்திருந்தது.

"என்ன செய்யுது அத்தை?"

"நோயாளியை அத்தைன்னு சொல்லக் கூடாது" என்றது மூலை.

"இடது கணுக்கால்" என்றார் அத்தை. மூச்சு வாங்கியது. "படியில... கால் பிசகிடுச்சு."

"நெஞ்சு வலிக்குதா?"

அத்தை மாஸ்டரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "கணுக்கால்" என்றார் மறுபடியும்.

"மேடம், சிரிக்கவே இல்லை நீங்க. கை கழுவல. பேர் சொல்லல."

அதற்குள் சிஸ்டரின் விரல்கள் அத்தையின் மணிக்கட்டில் இருந்தன. கை சில்லென்று இருந்தது. நாடி இரண்டு துடித்து ஒன்றை விட்டது.

"சார், இவங்களுக்கு நெஞ்சுல பிரச்சனை. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

"அட்டையில கணுக்கால்தான் மேடம் இருக்கு" என்றார் மாஸ்டர். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "பின்னாலயும் ஒண்ணும் இல்லையே."

சிஸ்டர் கதவைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவுதான், வெளியே இருந்த ஆறு பேரும் தங்கள் முறை வருமுன்பே, அனுமதி கேட்காமல், ஒருவர்கூடப் பெயர் சொல்லாமல் உள்ளே பாய்ந்தார்கள். ஒருத்தி கைப்பையிலிருந்து ஆஸ்பிரினை எடுத்து அத்தை வாயில் போட்டு மென்று விழுங்க வைத்தாள். ஒருத்தி போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். ஒருத்தி மாஸ்டரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியை இழுத்தாள். அத்தையை அதில் உட்காரவைத்து நாலு பேர் தூக்க, ஒருத்தி முன்னால் படி சொல்லிக்கொண்டு போக, சிஸ்டர் நாடியை விடாமல் பக்கவாட்டில் இறங்கினார். இரண்டு மாடி. யாரும் எதையும் வாய்விட்டு அறிவிக்கவில்லை. தான் என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தியும் கேட்கவுமில்லை.

மேலே மாஸ்டர் தாளோடு நின்றுகொண்டிருந்தார். உட்கார நாற்காலி இல்லை.

இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். சிஸ்டர் அழுதார். பன்னிரண்டு வருடமாக வார்டில் அழ நேரம் கிடைக்காமல் சேர்ந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது.

"சொல்லியிருக்கலாமே அத்தை? காலையிலயே வலி இருந்திருக்கு!"

"கார்டுல இல்லையேம்மா" என்றார் அத்தை குரல் எழும்பாமல். "நான் ஏதாவது மாத்திச் சொல்லி, உன் மார்க் போயிட்டா? ரெண்டு மாசம்தானே இருக்கு உனக்கு."

 சிஸ்டர் லீவு போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள் அத்தைக்குத் தெம்பு வந்ததும், தபால் ஆபீஸில் முகவரியே இல்லாமல் வந்த ஒரு பார்சலின் கதையை ஆரம்பித்தார். "அப்புறம் என்னாச்சு தெரியுமா?" என்றார். "என்னாச்சு அத்தை?" என்று கேட்டு, முதல்முறையாக ஒரு நோயாளியின் கதையைச் சிஸ்டர் கடைசிவரை கேட்டார். கதை சுமார்தான். ஆனாலும் முழுதாக இருந்தது.

மையத்திலிருந்து தாள் வந்து சேர்ந்தது. பூஜ்யம். காரணங்கள் நேர்மையாக எழுதப்பட்டிருந்தன: சிரிக்கவில்லை. கை கழுவவில்லை. அனுமதி பெறவில்லை. கணுக்காலைப் பரிசோதிக்கவே இல்லை. தேர்வு முடியுமுன் நோயாளியைத் தேர்வறையிலிருந்து எடுத்துச் சென்றுவிட்டார், நாற்காலியோடு. மற்ற ஆறு பேருக்கும் பூஜ்யம், காரணம், காப்பியடித்தது.

சிஸ்டர் படியேறிப் போனார். "சார், அவங்க பொழைச்சுட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார் மாஸ்டர். மனசாரத்தான் சொன்னார். பிறகு தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். "ஆனா பாருங்க, நோயாளி பொழைச்சாங்களான்னு எந்தக் கட்டத்துலயும் கேக்கலியே. கேட்டிருந்தா நானே ஒரு மார்க் போட்டிருப்பேன்."

இருந்தாலும் அவர் ஈரமில்லாதவர் இல்லை. மனிதாபிமான அடிப்படையில் ஏழு பேருக்கும் மறுதேர்வு அறிவித்தார். அசம்பாவிதம் மீண்டும் நிகழாமலிருக்கச் சீர்திருத்தமும் செய்தார்: ஸ்டோர் ரூமிலிருந்து பொம்மையை எடுத்துத் தூசி தட்டிப் பெஞ்சில் கிடத்தினார். பதவியில் இருந்த காலத்தில் அது ஒருநாளும் அட்டைக்கு வெளியே நோயுற்றதில்லை.

மறுதேர்வுக்கு அத்தையும் கிளம்பிவிட்டார். டாக்டர் படியேறக் கூடாது என்றிருந்ததால் டயர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டர் உள்ளே போய்ச் சிரித்தார். காற்றில் கை கழுவினார். தன் பெயரைச் சொன்னார். பொம்மையின் பெயரைக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். தொட அனுமதி கேட்டார். மறுப்பு எதுவும் வராததால் தொட்டார். இல்லாத கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதாகச் சொன்னார். டிக், டிக் என்று பேனா ஓடியது. பத்தொன்பது கட்டம் நிறைந்தது. கடைசிக் கட்டம்: 'நோயாளியின் நிலையைத் தெளிவாக, உரக்க அறிவித்தல்.'

சிஸ்டர் பொம்மையின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். கன்னத்தை அதன் மூக்கருகே கொண்டுபோனார். பன்னிரண்டு வருடத்துப் பழக்கம் அவ்வளவு லேசில் போய்விடாது. நிமிர்ந்து, தெளிவாக, உரக்கச் சொன்னார்:

"மூச்சு இல்லை. நாடி இல்லை. உடம்பு விறைச்சிருக்கு. இவங்க போய் ரொம்ப நாளாச்சு சார்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபதாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டு எழுந்து நின்று, "இப்பதான் மேடம் நீங்க நர்ஸ்" என்றார்.

சிஸ்டர் கீழே இறங்கி வந்தார். டயர் கடை வாசலில் அத்தை ஸ்டூலிலிருந்து பரபரப்பாக எழுந்தார்.

"என்னம்மா, பேஷன்ட்டு எப்படி இருக்கு?"

"செத்துப்போச்சு அத்தை."

"ஐயையோ! மார்க்?"

"இருபதுக்கு இருபது."