நாத்தனார் தவறிவிட்டார்

தேவகி தன் நாத்தனார் ரூபினியைச் சாகடித்தது செவ்வாய்க்கிழமை காலை, பசியாறுவதற்கு முன்பு, வாட்ஸ்அப்பில்.

'சிகு, நாத்தனார் தவறிட்டாங்க. வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு வர முடியாது.'

கார் ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியார் முனியாண்டி சிகுவுக்குத்தான் அந்தச் செய்தி. இதற்கு முந்தைய மூன்று டெஸ்டுகளுக்குக் காய்ச்சல், பல்வலி, இடுப்புப் பிடிப்பு என்று தன் உடம்பையே பலி கொடுத்தாகிவிட்டது. இனி உறவில்தான் கை வைக்க வேண்டும்.

மெர்போக்கில் ஒரு பாலர் பள்ளி வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பஸ் போகாத இடம். இந்த மாதத்துக்குள் லைசன்ஸ் எடுக்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். நாற்பத்தாறு வயதில் முதன்முதலாகக் கிடைத்த வேலை. தேவகிக்கு அது வேண்டும், எப்படியாவது வேண்டும். ஆனால் பெயிலாகிவிட்டால்? ரூபினி முதல் டெஸ்டிலேயே பாஸ் செய்தவள் என்று மாமியார் வீட்டில் சொல்லாத வாய் இல்லை. சாகடிக்க அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உடனே போன் அடித்தது.

"அடப் பாவமே! கட்டிக் குடுத்த பொண்ணாம்மா?" என்றார் முனியாண்டி.

"ஆமா சிகு. அலோர் ஸ்டார்ல."

"அப்ப பொறந்த வீட்டுக்கு மூணு நாள்தான் தீட்டு. வியாழனோட சரி. வெள்ளிக்கிழமை தாராளமா வரலாம் லா."

தேவகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல சிகு, எங்க வீட்டுல பதினாறு நாள். அவ மேல எனக்கு உயிரு. எழுந்து உக்காரவே முடியல."

"அவ்வளவு துக்கமா? இருங்க, இப்பவே வர்றோம்."

"ஐயோ, வேணாம் சிகு!"

"கல்யாணத்துக்குத்தாம்மா கூப்பிட்டாப் போகணும். சாவுக்குக் கூப்பிடாமலே போகணும்."

பாக்கார் ஆராங்கில் இருந்த அவள் வீட்டுக்கு அவர் வந்துசேர அரை மணி நேரம் போதும். தேவகி அலமாரியைக் குடைந்து ரூபினியின் போட்டோவை எடுத்தாள். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டோவுக்குப் போட்டாள். விளக்கேற்றி நிமிர்ந்தபோது வாசலில் ரூபினியே நின்றாள், கையில் ஒரு பை ரம்புத்தானோடு.

"வழியில மலிவா வித்தாங்க அண்ணி... ஆமா, என் போட்டோவுக்கு எதுக்கு மாலை?"

"உனக்குக் கண்ணு பட்டிருக்காம். பரிகாரம். நீ குசினிக்குள்ள போ, நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வராத."

"இது என்ன பரிகாரம்? நான் போக மாட்டேன்." ரூபினி சோபாவில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. முனியாண்டி இறங்கினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ரூபினி, ரம்புத்தான் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே குசினிக்குள் ஓடினாள். தேவகி குலதெய்வத்துக்கு நன்றி சொன்னாள்.

முனியாண்டியும் மூன்று மாணவிகளும் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பால் டின், சீனி சகிதம் உள்ளே வந்தார்கள். அவர் போட்டோவின் முன் வெகுநேரம் நின்றார்.

"எங்கயோ பாத்த மொகமா இருக்கே..."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் சிகு," என்று விசும்பினாள் தேவகி.

அழுகிறவளுக்குத் தண்ணீர் எடுத்துவர ஷீலா என்ற மாணவி குசினிக்குள் போனாள். போன வேகத்தில் அலறிக்கொண்டு வந்தாள்.

"சிகு! செத்தவங்க ரம்புத்தான் சாப்பிடுறாங்க!"

இதற்கு மேல் சொல்லப் பொய் எதுவும் பாக்கி இல்லை. தேவகி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் பொய் சிகு. கார் ஓட்டப் பயமில்ல. பெயிலாயிட்டா இவ மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னுதான் பயம்."

வாய்விட்டுச் சொன்னதும் நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா என்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். பெயிலானா ஆயிட்டுப் போறேன், மறுபடியும் வருவேன். ஆனா ரூபினி மாதிரி பயமே இல்லாம வர என்னால முடியாது சிகு."

ரூபினி குசினி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முனியாண்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"அட! அலோர் ஸ்டார்ல நான் சொல்லிக் குடுத்தப்ப, டெஸ்டுக்குப் பயந்து நாலு தடவ 'அண்ணி தவறிட்டாங்க'ன்னு அழுதது இந்தம்மாதானே!"