தொட்டிக்கு உள்ளேயா, வெளியேயா?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியும் ஒருவாறு நலம். நீங்களும் என் மகளும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மாமியார் போன பிறகு, தனியாகக் கிடக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று நீங்கள் அழைத்தீர்கள். பெற்ற மகளோ, "அப்பாவுக்கு எதிர்வீட்டைப் பிடிச்சுக் குடுத்துடலாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுக்காரனாக இருக்கவா அவளைத் தோளில் தூக்கி வளர்த்தேன்? வரமாட்டேன் என்று சொல்லத்தான் இத்தனை மாதம் கழித்து இந்தக் கடிதம்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் வந்தது. நான்தான் செயலாளர். கழிவுநீரைச் சுத்தம் செய்ய மெம்பரேன் என்ற சல்லடை போட வேண்டும். அழுக்கைத் தின்னும் கிருமிகள் தொட்டியில் இருக்கும், நூல் நூலாகத் தொங்கும் இந்தச் சல்லடை தண்ணீரை மட்டும் வடித்து அனுப்பும். அதைத் தொட்டிக்குள்ளேயே மூழ்க வைப்பதா, வெளியே தனியாக நிறுத்திப் பம்ப் வைத்துத் தண்ணீரை அதற்குள் தள்ளுவதா என்பதுதான் கேள்வி. வெளியே வைத்தால் கரண்ட் அதிகம் இழுக்கும், ஆனால் கழுவுவது சுலபம் என்றார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. "ஒண்ணா இருக்க வேண்டியதை எதுக்குப் பிரிக்கணும்? வெளியில நிறுத்தற அளவுக்கு அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினேன். ஒரு சல்லடைக்காக இந்த மனுஷன் அழுகிறாரே என்று பயந்துபோய், உள்ளேயே வைக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. போன வாரம் தலைமுடியும் பஞ்சும் சுற்றிக்கொண்டு சல்லடை அடைத்துக்கொண்டது. அழுக்கை உதிர்க்க அடியிலிருந்து ஊதும் காற்றுக்கும் அந்த அடைப்பு அசையவில்லை. தூக்கிக் கழுவலாம் என்றால் கிரேன் வாசலுக்குள் நுழையவில்லை. சங்கிலி கட்டி இழுத்தோம், அது பாதியில் திரும்பி, எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் பல் டாக்டரின் புதுக் காருக்கு மேல் சொட்டச் சொட்டத் தொங்கியது. இன்று யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லப் போன என்னை, பல் டாக்டரின் மாமியார் உடம்பெல்லாம் சோப்போடு குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து திட்டித் தீர்த்தார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் சும்மா இருக்காமல், "வெளியில வச்சிருந்தா வால்வை மூடிட்டு அதை மட்டும் கழுவியிருக்கலாம் சார். இப்போ மொத்தக் கட்டடமும் நின்னுபோச்சு" என்றான். வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆனாலும் என் கட்சியை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. நானில்லாமல் இங்கு ஒன்றும் நடக்காது. ஆகவே வருவதற்கில்லை. இருவரும் எல்லாம் பெற்று நிறைவாக வாழ மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மனைவி போன் செய்தாள். "ஒரே வீட்ல இருந்தா நீயும் நானும் மூணாம் நாளே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவோம்ப்பா. நடுவுல நின்னு சமாதானம் பண்ண இப்போ அம்மா இல்ல. எதிர்ல இருந்தா கோவிச்சுக்கிட்டுப் போகவும் இடம் இருக்கும், திரும்பி வரவும் வாசல் இருக்கும்" என்றாள். கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். எதிர்வீட்டைப் பேசி முடித்துவிடுங்கள். நானாகச் சரி என்றதாக மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். நீங்கள் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்ததாக இருக்கட்டும்.