நாரைக்கு முத்திரை இல்லை

ஞாயிறு காலை பத்து மணி. நாற்பத்தோராவது சீன ஓவியத்தைக் குடைக்குள் ஒளித்துக்கொண்டு பீங்கான் தன் வீட்டுக்குள் நுழைந்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியான அவருக்குப் 'பீங்கான்' என்று பெயர் வைத்தது தெரு. பத்தொன்பது வயதில் விரிசல் விட்ட ஒரு சீனக் கிண்ணத்தில் மனசைப் பறிகொடுத்தவர், இன்னும் திரும்பப் பெறவில்லை. முன்னறை முழுக்கச் சீனம். மனைவியின் தையல் மெஷின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில்.

"இனி ஒரே ஒரு ஓவியம் வாங்கினாலும் முன்னறை உனக்குத்தான். தையல் வகுப்பு நடத்திக்கோ" என்று எதிர்வீட்டு வக்கீல் முன்னிலையில் வாக்கும் கொடுத்திருந்தார்.

"குடை எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"வெயிலுக்கு."

"விரிக்கவே இல்லையே?"

"வீட்டுக்குள்ள யாராவது விரிப்பாங்களா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சுவரில் இருந்த மலை ஓவியத்தைக் கழற்றிச் சுருட்டினார். புது நாரையை மாட்டினார். ஒரே இழுப்பில் வரைந்த ஒற்றைக் கால். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கரைந்தே போனார்.

தேநீரோடு வந்தவள் நின்றாள். "இந்த நாரையை நான் பார்த்ததில்லையே?"

"பதினஞ்சு வருஷமா இருக்கு! ஒரு பருவம் மாட்டணும், மறு பருவம் சுருட்டி வைக்கணும். சீனத்து வழக்கம். உனக்குத்தான் மறதி."

ஆறு வருடமாக அலுக்காமல் வேலை செய்த பொய் அது.

"அப்படியா? அப்போ என் முத்திரை எங்கே?"

"எந்த முத்திரை?"

அவள் மலையை விரித்தாள். பழைய சொந்தக்காரர்களின் சிவப்பு முத்திரைகளுக்குக் கீழே, பளிச்சென்று ஒரு குட்டிக் கத்தரிக்கோல் முத்திரை.

பீங்கான் அதைப் பிடுங்கிப் பார்த்தார். "அடிப்பாவி! கெடுத்துட்டியே!"

"கெடுக்கலைங்க. முத்திரை கூடக் கூட ஓவியத்துக்கு மரியாதைன்னு வக்கீல்கிட்ட மணிக்கணக்கா அளந்தீங்களே?"

"அது சொந்தக்காரங்க போடறது!"

"நான் என்ன, வாடகைக்கா குடி வந்தேன்? கல்லுலதான் செதுக்கச் சொன்னேன். போன மாசமே வீட்ல இருந்த நாப்பதுலயும் பதிச்சாச்சு."

"நாப்பதுலயுமா? இந்த மலை என் கண்ணெதிர்ல தொங்கிச்சே!"

"தொங்கிச்சு. இப்ப நீங்கதான் சுருட்டி வச்சீங்க. பூதக்கண்ணாடியெல்லாம் புதுசா வர்றதுக்குத்தானே?"

பீங்கான் வாயைத் திறந்தார். தேநீரை ஊற்றி மூடினார்.

"நாரைக்கும் போட்டுடட்டுமா?" என்றாள்.

"காலை விட்டுட்டுப் போடு" என்றார்.

மார்ச் ஒன்பதாம் தேதி முன்னறையில் தையல் வகுப்பு தொடங்கியது. ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பவர் பீங்கான். பூதக்கண்ணாடி வைத்துத்தான்.