ஆட்டாமல் விட்ட ரத்தப் பாட்டில்

வாய் ஓடினால் எனக்குக் கை நின்றுவிடும். இந்தக் குறையை மறைத்துத்தான் அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் உதவியாளனாகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. வெள்ளைக் கோட்டு போட்டதும் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு.

குற்றாலத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். மறுநாள் குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்றியாக வேண்டும். அவள் தங்கை செண்பகம் கையை நீட்டிப் படுத்தாள். பள்ளிக்கூட டீச்சர். (எங்கள் ஆட்கள்தான், கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது என்பதெல்லாம் வார்டு ஆயாவிடம் முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தேன்.)

கண்ணாடிப் பாட்டிலின் அடியில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். ரத்தம் இறங்க இறங்கப் பாட்டிலை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேலையே அது ஒன்றுதான்.

"பாட்டில்ல என்னமோ மருந்து கெடக்கே, அது எதுக்கு?" என்றாள் அவள்.

போதாதா!

"அது நல்லாக் கலக்கணும். ஆட்டலைன்னா ரத்தம் அல்வா மாதிரி உறைஞ்சிரும். இந்தா, இப்படி ஆட்டணும்" என்று காற்றில் இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். பாட்டில் பாட்டுக்கு ஸ்டூலில் நின்றது.

டாக்டர் வந்து பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே கட்டி கட்டியாக இருந்தது.

"ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க? உள்ள ஒரு உசிரு போயிட்டிருக்கு!"

"என்கிட்டயே இன்னொரு தடவை எடுங்க டாக்டர்" என்று செண்பகம் அழுதாள். அது முடியாது என்றார். என் ரத்தம் ஓ குரூப். "என்னுதை எடுங்க சார்" என்று சட்டைக் கையைச் சுருட்டினேன். சேருமா என்று சோதித்துவிட்டு எடுத்தார்.

இந்தத் தடவை செண்பகம் யாரையும் நம்பவில்லை. தானே உட்கார்ந்து பாட்டிலை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்க்க மாட்டாளா என்று ஏங்கினேன். பார்க்கவே இல்லை. (அதனால்தான் உறையவில்லை.) ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆயுசுக்கும் அப்படியே படுத்துக்கிடக்க எனக்குச் சம்மதம்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் புதுச்சட்டை போட்டு, பெண் கேட்க அம்மாவை எந்தக் கிழமை அனுப்பலாம் என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். செண்பகம் கண் கலங்கக் கும்பிட்டாள்.

"ஒங்க ரத்தம்லா எங்க அக்கா ஒடம்புல ஓடுது. இனிமே நீங்க எங்க கூடப்பொறந்த அண்ணன். பிள்ளைக்குக் காதுகுத்துன்னா தாய்மாமனா நீங்கதான் மடியில வைக்கணும், என்ன அண்ணே?"

வைத்தேன். மொட்டைத்தலைப் பயல் என் பட்டு வேட்டியை நனைத்தான். அடுத்த வருடம் செண்பகத்தின் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணமேடைக்குக் கூட்டிவந்த மச்சானும் நான்தான். புளியறை வழியாகக் கேரளத்துக்குப் போகும் காரில் அவளை ஏற்றிவிட்டு, கார் மறைந்த பிறகும் வெகுநேரம் ரோட்டிலேயே நின்றேன்.

"செண்பகம் அத்தை நமக்கு எப்படிச் சொந்தம்?" என்று என் பிள்ளைகள் எப்போது கேட்டாலும் என் மனைவி முந்திக்கொள்வாள்: "ஒங்க அப்பா ஒரு பாட்டில ஆட்டாம விட்டதுல வந்த சொந்தம்." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒழுங்காக ஆட்டியிருந்தால் நான் அவளுக்கு யாரோ ஒருவன். யாரோ ஒருவன் பெண் கேட்டுப் போகலாம்.