உப்புத் தண்ணிக்கும் அசையாத தகடு

மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தத் தகடு செத்துப்போயிருக்க வேண்டும். எழுவைதீவில், பிலோமினம்மா வீட்டுக் குசினிக் கூரையில் தான் பூட்டிவிட்டு வந்த சூரியக்கலம் நேற்றையைவிடக் கூட மின்சாரம் தருவதை, யாழ்ப்பாணத்து ஆய்வுகூடக் கணினியில் மறுபடி மறுபடி பார்த்தாள் கோசலா.

பெரோவ்ஸ்கைற் என்கிற அந்தச் சாமான் வெயிலை வாரிக் குடிக்கும். ஈரம் பட்டாலோ அதன் கறுப்பு மஞ்சளித்துப் படுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் அவள் மேலே ஒரு பூச்சுப் பூசியிருந்தாள். பூச்சுத் தோற்றால் அவளுடைய கலாநிதிப் பட்டமும் போச்சு. அதற்காக இப்படியா வெல்லும்? அவள் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"சேர், எங்கையோ பிழை நடந்திருக்கு."

பேராசிரியர் வசீகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பிழையெண்டால் குறையும். இது கூடியெல்லோ கிடக்கு. உப்புத் தண்ணி ஊத்திப் பாப்பம், கோல் எடும்."

கோசலா பிலோமினம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, கூரையிலை இருக்கிற தகட்டிலை ஒரு வாளி கடல்தண்ணி ஊத்துவியளே?"

"அதிலையெண்டால் ஊத்தலாம், பிள்ளை."

ஊற்றியும் எண் இறங்கவில்லை. வசீகரன் அடுத்ததாக, தகட்டைக் கொதிக்கிற கூரைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். அதற்கும் அது அசையவில்லை.

"கொஞ்சம் பொறுப்பம், சேர். நான் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாறன்."

"நீர் சும்மா இரும். நான் ஜேர்மனிக்குச் சொல்லிப்போட்டன். அவையள் பிளேன் ஏறிட்டினம்."

ஜேர்மனியிலிருந்து வந்த விஞ்ஞானிகள் இருவரும் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். வசீகரன் அவர்களை அழைத்துக்கொண்டு கூரைக்கு ஏறினார். கோசலா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கோசலா, மேலெல்லாம் உப்புப் பூத்திருக்கு. ஆனால் கறுப்பு அப்பிடியே கிடக்கு" என்றார் வசீகரன். ஜேர்மன்காரர் ஒருவர் அவரைக் கட்டிப்பிடிக்க, மற்றவர் தகட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பட்டம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் கோசலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சோடாத் தட்டோடு வந்த பிலோமினம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு கோசலாவின் காதோடு சொன்னார்:

"இதையேன் பிள்ளை படம் பிடிக்கினம்? உம்மட சாமான் மழைக்குப் பழுதாப்போமெண்டு அண்டைக்கே கழட்டிச் சீலையிலை சுத்தி அலுமாரிக்குள்ளை வச்சிட்டன். வயர் சும்மா கிடக்கப்படாதெண்டு அதிலை இதைக் கொழுவிவிட்டன். இது மகன் கனடாவிலையிருந்து அனுப்பின வளவுச் சோலார் லைற்றின்ரை தகடெல்லோ."